விழுந்தவருக்கு ஒரு தபால்தலை

எங்கள் கடையில் படச்சட்டம்தான் விலைபோகும், சட்டத்துக்குள் இருக்கும் மனிதர் போகமாட்டார். காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெருவில் எனக்கு எழுத்து வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு துண்டுச்சீட்டு. "கவிதை எழுதுற பொம்பளதானே, நாலு வரி எழுதட்டும்" என்று முதலாளி சேர்த்துக்கொண்டார். குத்துவிளக்குக்கு நாலு வரி, வெற்றிலைப் பெட்டிக்கு நாலு வரி, ஒரு முறை எச்சில் படிக்கத்துக்கு எட்டு வரி எழுதி அவரிடம் திட்டு வாங்கினேன். வருகிறவர்கள் பர்மாத் தேக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், பேரம் படிந்ததும் "உள்ள இருக்க போட்டோவ எடுத்துருங்க" என்பார்கள். எடுப்பதும் என் வேலைதான். அப்படி நான் எடுத்துப்போட்ட தாத்தாக்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி நாற்காலியில், ஒரே மாதிரி முறைப்புடன்.

அன்று எடுத்தவர் உட்கார்ந்திருக்கவில்லை. நின்றுகொண்டிருந்தார். இரட்டை இறக்கை வைத்த ஒரு குட்டி ஆகாய விமானத்தின் கீழ் இறக்கையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே கோட்டு, தலையில் தோல் குல்லாய், பட்டை பட்டையான விபூதிக்கு மேல் தூக்கிவிட்ட கண்ணாடி. விமானத்தின் மூக்கில் சந்தனம் குங்குமம், கழுத்தில் மாலை, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. திருப்பினேன். பின்பக்கம் நீல மையில், "கல்லல் பொட்டலில், கிளம்பும் முன். பயமில்லை. பசிக்கிறது."

சட்டம் வாங்கியவர் சட்டத்தோடு நிற்க, நான் படத்தோடு தெருவுக்கு வந்துவிட்டேன். எனக்கு அப்படி வரும். கால் தன்பாட்டுக்குக் கிளம்பிவிடும், நான் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வேன். பூக்கடை, சைக்கிள் கடை, அச்சகம் என்று ஒவ்வொரு வாசலிலும் படத்தை நீட்டினேன். நாலாவது வாசலிலேயே ஒருவர் தொடையைத் தட்டினார்.

"அட, கண்மாயில விழுந்தாரே, அவருல்ல இது!"

ஊருக்கே தெரிந்திருந்தது, அந்த ஒரு வரி மட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூன் கடைக்குப் போன ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளை, வரவு செலவு படிக்காமல் விமானம் ஓட்டப் படித்துவிட்டு, பழைய விமானம் ஒன்றைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, மாட்டு வண்டிகளில் கல்லலுக்குக் கொண்டுவந்து பூட்டி, இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே முதல் ஆளாக மேலே எழும்பி, அரியக்குடிப் பெருமாள் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கும்போது காய்ந்த கண்மாய் என்று நினைத்துக் காயாத கண்மாயில் இறக்கிக் குப்புறக் கவிழ்ந்தார். கை முறிந்தது, உயிர் பிழைத்தது. ஆனால் ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது சேற்றை மட்டும்தான். அவர் வீட்டுக்கே "விழுந்தவுக வீடு" என்று பெயர் வந்து, அதுவே நிலைத்தும்விட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

மகள் ஒருவர் தேவகோட்டையில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

எழுபத்தெட்டு வயது ஆச்சி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பிடித்தார்.

"இதை எங்கிட்டுப் பிடிச்சீக?"

"கடைக்கு வந்துச்சு ஆச்சி. சட்டத்தோட."

"பெரிய வீட்ட வெள்ளையடிக்கிறப்ப பங்காளிக பழைய சாமானுக்குப் போட்டுட்டாக போல." கோபமே இல்லாமல் சொன்னார். "எனக்கு ஆறு வயசுல அப்பச்சி போயிட்டாக. அதுக்கப்புறம் நான் யாரு தெரியுமா? விழுந்தவுக மக. கல்யாணப் பேச்சுலயும் அதான், வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கும் அதான். முப்பத்தஞ்சு வருஷம் பாடம் நடத்துனேன். இறக்கைக்கு மேல காத்து வேகமாப் போகும், கீழ மெதுவாப் போகும், அதனால தூக்கும்னு போர்டுல படம் போடுவேன். எங்கப்பச்சி அப்படித் தூக்கிட்டுப் போனவுகன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. சொன்னா பிள்ளைக சிரிக்கும்." படத்தை மடியில் வைத்துக்கொண்டார். "விழணும்னா மொதல்ல மேல ஏறணும்ல? இந்த ஒரு கணக்கு இந்த ஊருல ஒருத்தருக்கும் தெரியல."

மேசைமேல் யாரோ போட்ட கல்யாணப் பத்திரிகை கிடந்தது. அதன் உறையில் ஒரு தபால்தலை. யாரோ ஒரு தலைவர் அதில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது.

"ஆச்சி, அப்பச்சிக்கு ஒரு ஸ்டாம்பு போட்டா என்ன?"

காப்பி குடிக்கிறீகளா என்பதுபோலக் கேட்டுவிட்டேன். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியமா, பாசமா என்று எடைபோட்டார். பிறகு அடுப்படிக்குப் போய், வரும்போது காப்பியோடு ஒரு கோடு போட்ட நோட்டையும் கொண்டுவந்தார்.

"எழுதுத்தா," என்றார். ஒரே காப்பியில் நான் 'நீக'விலிருந்து 'ஆத்தா' ஆகியிருந்தேன். "ஆனா ஒண்ணு. கவர்மெண்டு தன் கைப்பட 'பறந்தார்'னு போடணும். அது ஒரு வார்த்தை போதும் எனக்கு. அதை நான் கண்ணால பாத்துரணும்."

அதன்பிறகு நாங்கள் இருவரும் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! காலையில் கடையில் கும்பாவுக்குக் கவிதை எழுதுவேன், மதியம் தில்லிக்கு மனு எழுதுவேன். சில நாள் இரண்டும் கலந்து, மனுவில் "வானமே, வழிவிடு" என்று வந்து, ஆச்சி சிவப்பு மையால் அடித்துவிட்டு "ஆதாரம் எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவார். காரைக்குடித் தலைமைத் தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டர் ஒரு பெண், நாகர்கோவில்காரர், எதற்கும் அசையாத முகம். தபால்தலைக்கு விண்ணப்பம் எப்படிப் போடுவது, எத்தனை பிரதி, எந்தக் குழு எப்போது கூடும் எல்லாம் பொறுமையாகச் சொன்னார். காத்திருக்க வேண்டியிருக்கும் என்று மூன்று தடவை சொன்னார். கூடவே, "அவசரம்னா இன்னொரு திட்டமும் இருக்கு. நீங்களே போட்டோ கொடுத்தால் ஸ்டாம்பு பக்கத்தில் அச்சடித்துத் தருவோம், கல்யாண நாள், பிறந்த நாளுக்கெல்லாம் போடுகிறார்கள்" என்றார்.

"யாரு போட்டோவ வேணா போடுவீகளா?" என்றார் ஆச்சி.

"ஆமா மேடம்."

"எங்க வீட்டு நாய் போட்டோவ?"

போஸ்ட்மாஸ்டர் யோசித்து, "விதியில நாய் கூடாதுன்னு இல்லை" என்றார்.

"அப்ப எங்கப்பச்சிக்கு வேண்டாம்."

ஆதாரம் தேடிப் பெரிய வீட்டுக்குப் போனோம். ஏழு பங்காளிகளுக்கும் பொதுவான வீடு, கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் மட்டும் திறப்பார்கள். சாவி வைத்திருந்தவர் ஆச்சியின் பெரியப்பச்சி மகன், எண்பதைத் தாண்டிய அண்ணன். கதவைத் திறந்துவிட்டு, "என்னத்தா, சித்தப்பு விழுந்த கதைய இப்பத் தில்லிக்கும் சொல்லப் போறியாக்கும்?" என்றார். ஆச்சி நேரே சாமான் அறைக்குள் போய், அண்டாவும் தூக்குவாளியும் அடுக்கிய இருட்டில் கையால் தடவித் தடவி நடந்தார். மூலையில் இரண்டு ஆணிக்கு நடுவே நீளமாக ஒரு கட்டை, அதில் பழைய ஜமுக்காளங்கள் தொங்கின. ஜமுக்காளங்களைத் தள்ளினோம். கட்டை நடுவில் பருத்து, இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு மெலிந்து போனது. விமானத்தின் காற்றாடி!

எத்தனை காலம் ஜமுக்காளம் சுமந்திருக்கிறதோ. தூசியைத் துடைத்தால், நடுப்பகுதியில் இனிஷியல் வெட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு எது வந்தாலும், கரண்டியானாலும் கங்காளமானாலும், பேரெழுத்து வெட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். அந்த வழக்கத்தில் வந்த யாரோ ஒரு மகராசி, மேலே பறந்து கீழே விழுந்து சேற்றோடு வந்த காற்றாடிக்கும் ஆளை வைத்து எழுத்து வெட்டியிருக்கிறார். அப்பச்சியின் முதலெழுத்து, ஊரெழுத்து எல்லாம் சுத்தமாக இருந்தன. நான் அங்கேயே ஒரு சுற்று ஆடினேன். ஒரு தூக்குவாளி உருண்டது. "மெதுவாத்தா, அதுக்கும் எழுத்து வெட்டிருக்கு" என்றார் ஆச்சி. அவரும் ஆடிக்கொண்டுதான் இருந்தார், கழுத்துக்கு மேல் மட்டும்.

விண்ணப்பம் போனது. பதில் வரவில்லை. ஊரே கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு கார்டு அனுப்பினால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அச்சகத்துக்கு ஓடினேன். பாய் எங்கள் தெருவில்தான் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகையும் நிக்காஹ் பத்திரிகையும் அடித்தே கை பழகியவர். "காசு வேண்டாம் தங்கச்சி, அட்டை சும்மா கிடக்கு. ஒரு கல்யாணம் தள்ளிப்போச்சு" என்று, மாவிலைத் தோரணமும் தங்க ஓரமும் போட்ட அட்டையில் நடுவே அப்பச்சியையும் விமானத்தையும் வைத்து, கீழே எங்கள் கோரிக்கையை அடித்துத் தந்தார். மேல் மூலைகளில் ஜோடிக் கிளி.

"கிளி எதுக்கு பாய்?"

"பறக்குறதுதானே தங்கச்சி அதுவும்."

ஆச்சியிடம் கட்டுகளைக் கொண்டுபோனேன். அவர் கிளியைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "நல்ல காரியத்துக்குப் போற தபாலு. வெறுமனே அனுப்பக்கூடாது" என்று கிண்ணத்தில் மஞ்சள் குழைத்தார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினோம். மேலே பிள்ளையார் சுழி. இயற்பியல் படித்தவர், கவிதை எழுதுகிறவள், இரண்டு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கடைத்தெருவே கையெழுத்துப் போட்டது. தில்லியில் இருக்கும் பெரிய பெரிய அலுவலகங்களுக்கெல்லாம் மூட்டை மூட்டையாக அனுப்பினோம். போஸ்ட்மாஸ்டர் மட்டும் மஞ்சள் விரலோடு நின்ற எங்களை ஒரு கணம் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, விதியில் இடமில்லை போலும், மூடிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அவரே கடைக்குப் போன் செய்தார். தில்லியிலிருந்து உறை வந்திருக்கிறது, எங்கள் கடை முகவரியில் ஆச்சி பெயருக்கு, கனமான தாள், பொன்னெழுத்து. நான் தேவகோட்டைக்குப் போன் போட்டேன், ஆச்சி டாக்ஸி பிடித்து வந்தார், பாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார். "நீயே படி ஆத்தா" என்று ஆச்சி உறையைப் போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்தார். அவர் பிரித்தார். இங்கிலீஷில் ஒரு முறை மனசுக்குள் படித்தார். அசையாத அந்த முகத்தில் முதன்முதலாக உதடு துடித்தது.

"சொல்லுங்க மேடம், பறந்தாருன்னு போட்டிருக்கா?"

"தங்கள் அன்பான அழைப்புக்கு நன்றின்னு போட்டிருக்கு. அலுவல் காரணமாக நேரில் வர முடியலையாம்." தொண்டையைச் செருமினார். "புதுமணத் தம்பதி எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ வாழ்த்துகளாம்."

யாரோ ஒரு பெரிய மனிதரின் அலுவலகம். தமிழ் தெரியாத யாரோ. மஞ்சள் தடவிய நாலு மூலை, தங்க ஓரம், ஜோடிக் கிளி, மாலை போட்ட விமானம், அதன்மேல் சிரிக்கிற மாப்பிள்ளை. அவர்கள்மேல் என்ன தப்பு? நானாக இருந்தால் மொய்யும் வைத்து அனுப்பியிருப்பேன்.

முதலில் சிரித்தது ஆச்சிதான். "எங்கப்பச்சிக்கும் ஏரோப்ளேனுக்கும் கல்யாணம்னு நெனைச்சுட்டாக!" என்று பெஞ்சில் சாய்ந்து, கண்ணாடி நழுவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய் "எல்லாம் அந்தக் கிளியால வந்தது" என்று தலையில் அடித்துக்கொண்டார். ரிஜிஸ்டர் தபாலுக்கு நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விஷயம் ஆள் மாறி ஆள் போக, வரிசையே சிரித்தது. எனக்கு மூச்சு முட்டியது.

சிரிப்பு வடிந்தபோது ஆச்சி அந்த வாழ்த்துமடலை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். "எழுபத்தெட்டு ஆச்சுத்தா எனக்கு," என்றார். "அவுக கூடுவாக, பேசுவாக, கலைவாக. அப்பச்சிக்கு ஸ்டாம்பு வர்றப்ப அதைப் பாக்க நான் இருக்கணும்ல. நான் போயிட்டா அவுக பறந்தாகன்னு சொல்ல ஆளு ஏது? விழுந்தாகன்னு சொல்லத்தான் ஊரு இருக்கு."

போஸ்ட்மாஸ்டர் எழுந்து உள்ளே போய், ஒரு கோப்போடு வந்தார். தபால்தலை தில்லியில் முடிவாக வேண்டியது, அது கிடக்கட்டும். சிறப்பு உறை ஒன்று வெளியிடலாம், அதற்கு மண்டல அலுவலகமே அனுமதி தரும். உறையில் படம், படத்துக்குக் கீழே வாசகம், அன்று ஒரு நாள் மட்டும் குத்துவதற்குத் தனியாக விமானப் படம் போட்ட ஒரு முத்திரை. வாசகம் அரசாங்கம் ஒப்புக்கொண்ட வாசகமாக இருக்கும். "காற்றாடி இருக்கே, எழுத்து வெட்டினது. அது போதும். நான் எழுதுகிறேன்" என்றார். பிறகு மெல்ல, "ஆனால் இந்தத் தடவை மஞ்சள் வேண்டாம்."

மேலிருந்து வந்த முதல் வாசகத்தில் "விமான விபத்தில் உயிர் தப்பிய" என்று இருந்தது. ஆச்சி சிவப்பு மையை எடுத்தார். விபத்து போய்விட்டது, உயிர் தப்பியதும் போய்விட்டது. "இவ்வட்டாரத்தில் முதன்முதலாகப் பறந்தார்" என்பது மட்டும் மிஞ்சியது. போஸ்ட்மாஸ்டர் அதைத் தட்டச்சு செய்து அனுப்பினார். அப்படியே திரும்பி வந்தது, கையெழுத்தும் முத்திரையுமாக.

"தில்லியில வாழ்த்தியாச்சு," என்றார் ஆச்சி. "இனிமே கல்யாணத்த நடத்தாம விட முடியுமா?"

நடத்தினோம். எங்கள் பக்கத்தில் பத்திரிகை மட்டும் அனுப்பினால் பங்காளிகள் வரமாட்டார்கள், வீடு தேடிப் போய்ச் சொன்னால் வராமல் இருக்கமாட்டார்கள். ஆச்சியும் நானும் வெள்ளிக் கிண்ணத்தில் குங்குமத்தோடு ஏழு பங்காளி வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். "என்ன விசேஷம்?" என்று கேட்டவர்களிடம் ஆச்சி "எங்கப்பச்சி பறந்த விசேஷம்" என்றார். வாழ்நாளில் முதல் தடவை அவர் அதை வாய்விட்டு ஏழு வாசலில் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொரு வாசலுக்கும் குரல் கொஞ்சம் கூடியது. கடைசியில் சாவி வைத்திருந்த அண்ணன் வீட்டில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

அன்று தபால் நிலைய வாசலில் வாழைமரம். உள்ளே, பணவிடைக் கவுண்டருக்குப் பக்கத்தில் மேசைமேல் காற்றாடி, கழுத்தில் ரோஜா மாலையோடு. பக்கத்து மண்டபத்தில் பந்தி, வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும். பாய் கிளி போடாத பேனர் ஒன்று அடித்துக் கொண்டுவந்தார், என்னிடம் தனியாகக் காட்டினார், ஓரத்தில் சின்னதாக ஒன்று இருந்தது. உறை வெளியானது. ஆச்சி அதை வாங்கி வாசகத்தைப் படித்தார். வாத்தியார் திருத்தப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. தப்பு ஒன்றுமில்லை. பறந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார், இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்ப்பதுபோல.

போஸ்ட்மாஸ்டர் முத்திரைக் கட்டையை மையில் தோய்த்து நீட்டினார். "முதல் குத்து நீங்களே குத்துங்க மேடம்." உறையின் மூலையில் வழக்கமான தபால்தலை, யாரோ ஒரு பெரியவர் படம் போட்டது. ஆச்சி ஓங்கிக் குத்தினார். குட்டி விமானம் பெரியவர் மூக்குக்குக் குறுக்கே ஏறிப் பறந்தது. ஆச்சி குனிந்து பார்த்தார், பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். குறும்பென்றால் அப்படிக் குறும்பு.

"ஸ்டாம்புல இருந்திருந்தா எங்கப்பச்சி மூஞ்சியில ஊரான் குத்துவான். இப்பப் பாரு, அவுக போயி எல்லாரு மூஞ்சியிலயும் குத்துறாக!"

அதோடு ஒழுங்கு போய்விட்டது. உறையில் குத்தச் சொன்னார்கள், கைக்குட்டையில் குத்தச் சொன்னார்கள், புறங்கையை நீட்டினார்கள். போஸ்ட்மாஸ்டர் விதியில் இடமில்லை, இடமில்லை என்று சொல்லிக்கொண்டே தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் ஏற்கெனவே ஒரு விமானம் இருந்தது. சாவி வைத்திருந்த அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காற்றாடியிடம் வந்தார். இனிஷியலைத் தடவினார்.

"ஏத்தா, சித்தப்பு எம்புட்டு உசரத்துல பறந்தாக?"

ஆச்சி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். சேறு எவ்வளவு ஆழம், எந்தக் கை முறிந்தது, எத்தனை பேர் தூக்கினார்கள், எல்லாவற்றையும் இந்த ஊர் கேட்டிருக்கிறது. இதை ஒருவரும் கேட்டதில்லை.

"தெரியலையேண்ணே," என்றார், சிரிப்பும் அழுகையுமாக. "ஒரு பனை உசரம் இருக்குமா?"

"என்ன ஆச்சி, ஒத்தப் பனையா?" என்று பாய் குறுக்கே வந்தார். "கோயில சுத்தி வந்திருக்காரு. மூணு பனை இல்லாம எப்படி?"

"மூணு பத்தாது," என்றார் போஸ்ட்மாஸ்டர். "அந்தக் காலத்து விமானம், வேகம் கம்மி, உயரம் இருந்தால்தான் திரும்ப முடியும். ஐந்து."

ஆச்சி "அந்த இஞ்சினுக்கு அவ்வளவு..." என்று பாடம் நடத்தத் தொடங்கி, பாதியில் கைவிட்டு, "ஆறு!" என்றார். வரிசையில் நின்ற ஒருவர் ஏழு என்றார். பந்தியிலிருந்து எழுந்து வந்த ஒருவர், கையில் பணியாரத்தோடு, எட்டு என்றார். நான் ஒன்பது என்று கத்தினேன், யாரும் கேட்காமலே.

"சும்மா இருங்கப்பா எல்லாரும்," என்று அண்ணன் காற்றாடியின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். "பறந்தது எங்க வீட்டு ஆளு. உசரத்த நாங்கதான் சொல்லணும். பத்துப் பனை."

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோலத் தங்கையைப் பார்த்தார்.